என் கைப்பையை ரோட்டில் கொட்டியவர்களுக்கு

லைசென்ஸ் கேட்டீர்கள், என் வீட்டுக்காரர் காட்டினார். ஆர்.சி. புக் கேட்டீர்கள், காட்டினார். இன்சூரன்ஸ் செல்போனில் டிஜிலாக்கரில் இருந்தது, அதையும் திறந்து காட்டினார். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். அதோடு விட்டிருக்கலாமே? எக்ஸ்.எல். வண்டியில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற புருஷன் பெண்டாட்டியிடம் இதற்கு மேல் என்ன வேண்டியிருந்தது உங்களுக்கு?

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. ஒன்றரை ஷிப்ட் முடித்து, வாரச் சம்பளத்தையும் போனஸையும் ஒரே கவரில் வாங்கி, பைக்குள் அடியில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். "அந்தப் பையைக் குடும்மா" என்றீர்கள். நான் நீட்டுவதற்குள் பிடுங்கினீர்கள். அப்படியே கவிழ்த்தீர்கள். உங்கள் ஜீப் வெளிச்சத்தில் என் டிபன் பாக்ஸ் உருண்டு, மூடி கழன்று, மிச்சமிருந்த தயிர்சோறு தாரில் சிந்தியது. வீட்டுச் சாவி, பிரஷர் மாத்திரை, சீப்பு, சம்பளக் கவர், பேப்பரில் சுற்றி வைத்திருந்த நாப்கின். உங்களில் ஒருவர் அந்த நாப்கின் பொட்டலத்தை லத்தி நுனியால் புரட்டிப் பார்த்தார். அவர் வயதில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. அதில் எத்தனை பேர் எங்கள் லைனில் குடியிருப்பவர்களோ.

"சார், லேடீஸ் பை சார். லேடி போலீஸ் யாரும் இல்லைங்களா?" என் வீட்டுக்காரர் கேட்டது இவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதற்குக் கன்னத்தில் ஓர் அறை. எதற்காக அறைந்தீர்கள்? கேட்டதற்கா? இல்லை, கேட்டது சரியாக இருந்ததற்கா?

அப்புறம் டிரிம்மரைக் கையில் எடுத்தீர்கள். "இது என்ன, ஆயுதமா?" விரல் நீளம்கூட இல்லாத, நூல் வெட்டுகிற டிரிம்மர். திருப்பூரில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்கிற எந்தப் பொம்பளையின் பையிலும் அது இருக்கும். இந்த ஊரில் வேலை பார்க்கும் உங்களுக்கு அது தெரியாதா? பிறகு என் பிள்ளைக்கென்று வைத்திருந்த பனியன்கள். கம்பெனியில் வருஷா வருஷம் தீபாவளிக்குக் கொடுக்கிற செகண்ட்ஸ் பீஸ். வெளிநாட்டுக் கடை லேபிளைப் பார்த்ததும் "எக்ஸ்போர்ட் பீஸு. எந்தக் கம்பெனியில திருடுன?" என்றீர்கள்.

எங்கள் மேனேஜருக்கு போன் போட்டேன். வாய்விட்டுச் சொல்லுங்கள் சார், நீங்கள்தானே உங்கள் கையால் கொடுத்தீர்கள் என்று அழுதேன். ஸ்பீக்கரில் அவர் சொன்னதை எல்லாரும் கேட்டோம்: "நாங்க அப்படியெல்லாம் யாருக்கும் குடுக்கறதில்லைங்க சார்." அந்தக் கம்பெனிக்கு நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து உழைக்கிறேன். ஷிப்மென்ட் அவசரம் என்றால் விடிய விடிய உட்கார்ந்து அடித்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் அறைந்தது என் வீட்டுக்காரர் கன்னத்தில்தான். இது என் நெஞ்சில் விழுந்தது.

விடியும்வரை அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தீர்கள். நான் வெளியே படியில். உள்ளே சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். திருச்சியில் 2018 மார்ச்சில் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கை ஓர் இன்ஸ்பெக்டர் எட்டி உதைத்ததில், பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து செத்தாள். 2021 ஜூனில் சேலம் மாவட்டத்துச் சோதனைச் சாவடி ஒன்றில் அடிபட்ட வியாபாரி மறுநாள் உயிரோடு இல்லை. 2022 ஏப்ரலில் சென்னையில், வாகனச் சோதனையில் ஆட்டோவை நிறுத்திப் பிடித்துக்கொண்டு போன பையன், மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்தவன், அடுத்த நாள் பிணமாகக் கிடந்தான். பேப்பரில் படித்துவிட்டு ஐயோ பாவம் என்று மடித்து வைத்த செய்திகள்தான் எல்லாம். அந்த ராத்திரி ஒவ்வொன்றும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காலையில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினீர்கள். என்ன எழுதியிருந்தது என்று படிக்க விடவில்லை. கவரில் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் குறைந்திருந்தன. யாரிடம் கேட்பது? நீங்கள் எண்ணி வாங்கவில்லை, எழுதி வாங்கவில்லை, எழுதாத பணத்துக்கு யார் பதில் சொல்வார்கள்?

இதே திருப்பூர் மாவட்டத்தில்தானே, 2016 மே மாதம், ஓட்டுப் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால், மூன்று கன்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது? ஸ்டேட் பேங்க் பணம், கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகிறது என்றார்கள். பேங்க் வந்து விளக்கம் சொன்னது, பணம் பேங்குக்கே திரும்பியது, அப்புறம் ஹைகோர்ட் உத்தரவு போட்டு சி.பி.ஐ. வரைக்கும் விசாரணை போனது. போகட்டும். 570 கோடிக்கு விளக்கம் சொல்ல நேரம் இருந்தது, காது கொடுத்துக் கேட்க ஆள் இருந்தது. என் போனஸ் கவருக்கு ஒரு நிமிஷம் இருந்ததா?

தேர்தல் காலத்தில்கூட ஐம்பதாயிரத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் கணக்குக் கேட்கிறார்கள். பறக்கும் படையோடு வீடியோ எடுப்பவர் வருகிறார். பணத்தைப் பிடித்தால் ரசீது உண்டு, கருவூலத்தில் கட்டுகிறார்கள், திருப்பிக் கேட்க மாவட்டத்தில் குழு இருக்கிறது. தேர்தல் இல்லாத ராத்திரியில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

சங்கத்து வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் வண்டிக்கான பேப்பரைக் கேட்கத்தான் அதிகாரம் கொடுக்கிறது, என் பையைக் கவிழ்க்கக் கொடுக்கவில்லை. பொம்பளையைச் சோதனை போடுவதானால் பொம்பளை போலீஸ்தான் போட வேண்டும், அதுவும் மரியாதையோடு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற புதுக் குற்றவியல் சட்டத்தில், ஒரு பொருளைக் கைப்பற்றினால் அதை வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். கஞ்சா கேஸிலேயே உடம்பில் கை வைக்கும் முன்னால், கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கிற உரிமை உனக்கு உண்டு என்று சொல்ல வேண்டுமாம். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குமா தெரியாது?

கஞ்சா பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் லைனிலேயே ஒரு பையன் அதில் விழுந்து வேலைக்கும் போகாமல் தாயை அடிக்கிறான். விற்கிறவனைப் பிடியுங்கள், கும்பிடுகிறேன். ஆனால் அவனைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஷிப்ட் விட்டு வருகிறவர்களை எதற்காக வரிசையில் நிறுத்துகிறீர்கள்? ஒடிசாப் பையன்கள், பீகார்ப் பையன்கள், பாவம், பாஷையும் தெரியாமல் "சாப், சாப்" என்று பேன்ட் பாக்கெட்டைத் தாங்களே வெளியே இழுத்துக் காட்டுகிறார்கள். போனை வாங்கி லாக்கைத் திறக்கச் சொல்லி போட்டோவெல்லாம் தள்ளிப் பார்க்கிறீர்கள். 2021-ல் ஹைதராபாத்தில் போலீஸ் இப்படித்தான் ரோட்டில் நிறுத்தி வாட்ஸ்அப்பில் கஞ்சா என்று தேடிப் பார்த்தபோது நாடே சத்தம் போட்டது. இங்கே யார் சத்தம் போடுவார்கள்? 2024-25-ல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் இது. அத்தனையும் இந்தக் கைகள் தைத்தது. ராத்திரி பத்து மணிக்கு அதே கைகள் திருட்டுக் கைகளாகிவிடுமா?

கார் கண்ணாடி இறங்கியதும் "போங்க சார்" என்கிறீர்களே, நானும் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். அந்தக் காரில் இருந்தவர் பையை ஏன் கவிழ்க்கவில்லை?

என் வீட்டுக்காரர் இப்போது மெயின் ரோட்டில் வருவதில்லை. சந்து சந்தாகச் சுற்றி, பெட்ரோலும் கூடச் செலவழித்து வருகிறார். தப்பு செய்தவர் மாதிரி. அன்றைக்கு என்ன நடந்தது என்று மகள் கேட்டதற்கு "வண்டி பஞ்சர்" என்றார். அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். வேண்டாம், திரும்ப நிறுத்துவார்கள் என்கிறார் அவர். கம்பெனியில் வேலை போய்விடும் என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். கொடுக்கத்தான் போகிறேன். அதில் நான் கேட்டிருப்பது இதுதான்: என் மேல் என்ன சந்தேகம், எதை வைத்து வந்தது? அதை அன்றைக்கு எந்தப் புத்தகத்தில் எழுதினீர்கள்? என் பையைக் கவிழ்த்ததை வீடியோ எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அதைப் போட்டுக் காட்டுங்கள், அந்த ஆயிரம் ரூபாய் யார் கைக்குப் போனது என்று எல்லாருமாகச் சேர்ந்து பார்ப்போம். எடுக்கவில்லையென்றால், ஏன் எடுக்கவில்லை?