சதுப்புநிலத்தின் வாசலில் வாழ்வோர்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திற்குச் செல்லும் நாம், எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் முதலைகளையும் பறவைகளையும் கண்டு 'சுப்ஹானல்லாஹ்' என்கிறோம். நன்று. ஆனால் அதன் மேற்கு ஓரத்திலுள்ள எவர்கிளேட்ஸ் சிட்டி, சொக்கோலோஸ்கி ஆகிய மீனவ ஊர்களை வெறும் வழித்தங்கலாகவே கடந்துவிடுகிறோம்.

1947இல் அங்கே தேசியப் பூங்கா உருவானது. 1985ஆம் ஆண்டின் முடிவோடு அதன் எல்லைக்குள் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. தலைமுறைகளாக அந்த நீரையே நம்பியிருந்த குடும்பங்கள் அதன் சுமையை ஏற்றன. பூங்காவுக்கு வெளியே, வளைகுடாவில் நடக்கும் கல்நண்டுத் தொழிலிலும் வரம்பு உண்டு. கொடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நண்டை உயிருடன் கடலில் விட்டுவிட வேண்டும். கொடுக்கு மீண்டும் வளரும். மே தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை பிடிக்கலாகாது. (நண்டு உண்பது குறித்த மார்க்கச் சட்ட வேறுபாடு தனிப்பொருள்.)

பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காப்பது கடமையே. எனினும் அந்தக் காவலுக்காகத் தம் ரிஸ்க்கின் ஒரு பகுதியை இழந்தோருக்கு, அதன் அழகை அனுபவிக்கும் நம்மீது ஹக்கு உண்டு. அவ்வூர்களில் ஒரு பொழுதேனும் தங்குவோம். அவர்களின் கடைகளில் பேரம் பேசாமல் ஆகுமானவற்றை வாங்குவோம். அவர்கள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்போம். படைப்பைப் புகழும் நாவு, படைப்பினங்களுள் மனிதனை மறந்துவிடலாகாது.

அல்லாஹ் நமக்கு நீதியுணர்வை அருள்வானாக! ஆமீன்.