பக்கத்து வீட்டின் பசியும் இந்தியாவின் செல்வாக்கும்

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் ரஷ்யப் படைகள் நுழைந்தபோது, அது எங்கோ நடக்கும் போர் என்றுதான் பூலாம்பாடியில் இருந்த நாம் எண்ணினோம். சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோதுதான் அந்தப் போர் நம் அடுப்படிக்கும் வந்துவிட்டதை உணர்ந்தோம்.

நமக்கு அது விலையேற்றம். இலங்கைக்கோ பேரிடி. 2019 உயிர்ப்புப் பெருவிழா அன்று ஆலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகள், கொரோனா, 2021-இல் இரசாயன உரத்திற்கு விதித்த தடை ஆகியவற்றால் அந்நாடு ஏற்கெனவே நலிந்திருந்தது. போரினால் எரிபொருள் விலை உயர்ந்தது. ரஷ்ய, உக்ரைன் சுற்றுலாப் பயணிகளின் வரவும் குறைந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

அதுவரை அங்கே ஓங்கியிருந்தது சீனாவின் கை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றிருந்தது. ஆனால் நெருக்கடி நேரத்தில் முந்திக்கொண்டது இந்தியாதான். அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. தமிழக அரசின் அரிசி, பால் பவுடர், மருந்துகளுடன் முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. பன்னாட்டு நிதியத்தின் கடன் கிடைப்பதற்கான உறுதியை 2023 ஜனவரியில் முதலில் அளித்ததும் இந்தியாவே.

இதனால் இந்தியா வென்றுவிட்டது என்று சொல்லலாமா? 2022 ஆகஸ்டு 16 அன்று, இந்தியாவின் கவலையையும் மீறி, 'யுவான் வாங் 5' என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. அதிபர் அநுர குமார திசாநாயக்க 2024 டிசம்பரில் முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லிக்கு வந்தார். அடுத்த மாதமே பெய்ஜிங் சென்றார். பசிக்கு உதவியவரை இலங்கை மறக்கவில்லை. அதற்காக மற்றக் கதவுகளை மூடிவிடவும் இல்லை.

ஆபத்தில் கொடுத்த அரிசி நன்றியைப் பெற்றுத் தரும். நம்பிக்கையோ அன்றாடம் வளர்க்க வேண்டியது. நம் மீனவர்கள் கைதாகும்போது நாம் துடிக்கிறோம், அது நியாயமே. நம் இழுவைப்படகுகள் தங்கள் வலைகளை அறுக்கின்றன என்று யாழ்ப்பாண மீனவர் சொல்லும்போது, அந்தக் குரலையும் கேட்கிறோமா? அவர்களும் தமிழர்களே, போரில் எல்லாம் இழந்து மீண்டவர்களே.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரை மக்களும் ஒன்றாக மன்றாடுகின்றனர். அந்த ஓரிரு நாளின் உறவு ஆண்டு முழுவதும் கடலிலும் நிலைத்தால், அதைவிட உறுதியான செல்வாக்கு நம் நாட்டுக்கு வேறில்லை. சிந்திப்போம்.