வறண்ட தோலும் சமையலறை டப்பாக்களும்

மார்கழி பிறந்தால் போதும். கையை நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழும், உதடு வெடிக்கும், குதிகால் பாளம் பாளமாகப் பிளக்கும். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்து விடுவார்கள். பாலாடை பூசு என்பார் பாட்டி. தேன் தடவு என்பார் அத்தை. எலுமிச்சம்பழத்தை அரை மூடி எடுத்துத் தேய்த்துப் பாரேன் என்பாள் விடுதியில் பக்கத்து அறைத் தோழி. எல்லோரும் முடிவில் ஒரே வரியைத்தான் சொல்வார்கள்: "இயற்கைதானே, பக்க விளைவே கிடையாது!"

இந்த ஒரு வரியில்தான் சிக்கலே இருக்கிறது. சமையலறையில் தோலுக்கு நல்லது செய்யும் பொருள்கள் உண்டு. ஒன்றும் செய்யாத பொருள்களும் உண்டு. கெடுதல் செய்பவையும் அதே அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. "இயற்கை" என்ற சொல் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது. எருக்கம்பாலும் இயற்கைதான், அதை யாராவது முகத்தில் பூசுவார்களா?

முதலில் தோல் ஏன் வறள்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தோலின் வெளி அடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செங்கற்கள் என்பவை இறந்த செல்கள். இடையில் இருக்கும் சாந்து ஒரு வகைக் கொழுப்பு. அந்தச் சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடும். சுடுதண்ணீர், காரமான சோப்பு, பனிக்காற்று, ஏசி அறை ஆகிய எல்லாமே அந்தச் சாந்தைக் கரைக்கவோ, ஈரத்தை உறிஞ்சவோ செய்பவை. வயதாக ஆக உடம்பே சாந்தைக் குறைவாகத்தான் தயாரிக்கிறது. தாத்தா பாட்டிகளின் முழங்கால் கீழ்ப்பகுதி மீன் செதில் போல ஆவது அதனால்தான்.

ஆகவே மாய்ஸ்சரைசர் என்று பெயர் வைத்த எதுவாக இருந்தாலும், அது மூன்று வேலைகளில் ஒன்றையாவது செய்ய வேண்டும். ஈரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும், உதிர்ந்த இடத்தை நிரப்பி வழவழப்பாக்க வேண்டும், அல்லது மேலே மூடி போட்டு ஈரம் ஆவியாகாமல் தடுக்க வேண்டும். தேனும் கிளிசரினும் முதல் வகை. எண்ணெய்கள் இரண்டாவது வேலையை நன்றாகவும் மூன்றாவதை ஓரளவும் செய்யும். மூடி போடுவதில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச ஆளில்லை. 1872-ல் ராபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்கர் வாசலினுக்குக் காப்புரிமை வாங்கினார். 150 ஆண்டுகள் ஆகியும் தோல் மருத்துவர்கள் அதைக் கைவிடவில்லை. அது பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, ஆகவே "கெமிக்கல்". எலுமிச்சை மரத்திலிருந்து வருகிறது, ஆகவே "இயற்கை". ஆனால் வெடித்த உதட்டில் இரண்டையும் தடவிப் பார்த்தால் எது நண்பன் எது எதிரி என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும்!

சமையலறையில் முதல் மரியாதை தேங்காய் எண்ணெய்க்குத்தான். பாட்டி சொன்னார் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2004-ல் பிலிப்பைன்ஸில், வறண்ட தோல் உள்ள 34 பேருக்குச் சிலருக்குத் தேங்காய் எண்ணெயும் சிலருக்கு மினரல் ஆயிலும் கொடுத்துச் சோதித்தார்கள். தோலின் ஈரத்தைக் கூட்டுவதில் இரண்டும் சமமாகவே நின்றன. பத்து ஆண்டு கழித்து, 2014-ல், அதே நாட்டில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலை முந்தியது. அதில் பாதிக்கு அருகில் இருக்கும் லாரிக் அமிலம் சில கிருமிகளையும் அடக்குகிறது. சிறிய சோதனைகள்தான், ஆனாலும் வெறும் நம்பிக்கையைவிட மேல்.

அதற்காக எல்லோரும் முகத்தில் அப்பிக்கொள்ள வேண்டியதில்லை. பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, துளைகளை அடைக்கும். தேமல் உள்ள இடத்திலும் வேண்டாம். அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடே. கை, கால், முழங்கை, குதிகால் என்றால் தாராளமாகப் பூசலாம்.

இந்தத் தேங்காய் எண்ணெய் சமையல் பொருளா, அழகுப் பொருளா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போன கதை பலருக்குத் தெரியாது. சேலம் மத்திய கலால் ஆணையர் தொடுத்த வழக்கு அது. சின்னப் பாட்டிலிலும் சின்ன பாக்கெட்டிலும் விற்கிற தேங்காய் எண்ணெயைத் தலைக்குத்தானே வைக்கிறார்கள், ஆகவே கூந்தல் எண்ணெய்க்கான வரியைக் கட்டு என்றது துறை. இல்லை, இது சமையல் எண்ணெய் என்றன நிறுவனங்கள். 2018-ல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். பிறகு மூன்று நீதிபதிகள் அமர்வு 2024 டிசம்பர் 18-ல் முடித்து வைத்தது. பாட்டில் சின்னதாக இருப்பதால் மட்டும் அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது, சமையல் எண்ணெய்க்கான தரத்தோடு அந்தப் பெயரிலேயே விற்றால் சமையல் எண்ணெய்தான் என்பது தீர்ப்பு. ஜிஎஸ்டி வந்த 2017 முதல் சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவீதம் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெயும் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

உள்ளே இருப்பது அதே எண்ணெய். லேபிளில் ஒரு சொல் மாறினால் வரி மூன்று மடங்குக்கு மேல் மாறியது! வரிக்கே இப்படி என்றால் விலைக்குக் கேட்க வேண்டுமா? சமையல் அலமாரியில் இருந்த பொருள் அழகு அலமாரிக்கு நகர்ந்தவுடன் அதன் விலை எப்படி ஏறுகிறது என்பதைக் கடைக்குப் போய் நின்று பார்த்தாலே தெரியும். இப்போது பொட்டலங்களில் ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்பது விதி. எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் நூற்றில் எத்தனை பேரோ!

இன்னொரு பொடி எழுத்தும் உண்டு. டப்பாவின் முன்பக்கம் பாதாம், தேன், குங்குமப்பூ என்று படம் போட்டிருப்பார்கள். பின்பக்கம் உட்பொருள் பட்டியல் இருக்கும். 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் போடலாம். முதலில் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும், அடுத்து கிளிசரின், பாரஃபின். படத்தில் கொழுகொழுவென்று இருந்த பாதாம், பட்டியலின் கடைசியில் வாசனைக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் கலப்பது மோசடி அல்ல. தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தால்தான் க்ரீம் பிசுபிசுப்பில்லாமல் பரவும். ஆனால் வேலை செய்வது கிளிசரினாக இருக்கும்போது பாதாமுக்குக் காசு கொடுப்பானேன்? மருந்துக் கடையில் தனிக் கிளிசரினே கிடைக்கிறதே. அதைப் பன்னீரில் கலந்து கைக்குப் பூசுவது பல வீடுகளில் இருந்த பழக்கம்தான். அதில் எலுமிச்சைச் சாற்றையும் பிழிந்து விட்டதுதான் தப்பு.

எலுமிச்சையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஆரோக்கியமான தோலின் அமில அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறு 2-க்கு அருகில். இது வெறும் மூன்று புள்ளி வித்தியாசம் அல்ல, ஒவ்வொரு புள்ளிக்கும் அமிலம் பத்து மடங்கு ஏறும். அத்தோடு அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போல் கொப்புளம் கிளம்பி, கருந்திட்டாக மாதக்கணக்கில் நிற்கலாம். வெள்ளையாகலாம் என்று தேய்த்தவர்களுக்குக் கறுப்புத் திட்டு! ஆப்ப சோடா நேர் எதிர்க் கோஷ்டி. காரத்தன்மை உள்ள அது செங்கல் சுவரின் சாந்தைக் கெடுக்கும். இரண்டையும் கலந்து பூசச் சொல்லும் வீடியோக்களைப் பற்றி என்ன சொல்வது.

கடலை மாவும் பயத்தம் மாவும் கெட்டவை அல்ல, ஆனால் அவை அழுக்கெடுப்பவை. எண்ணெய் வழியும் முகத்துக்குச் சரி. வறண்ட தோலில் இருக்கும் கொஞ்ச நஞ்சப் பசையையும் துடைத்தெடுத்துவிட்டு "பளிச்" என்று இருப்பதாக நினைத்துக்கொள்வதில் பயனில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலிலும் இந்தக் கதைதான் நடக்கிறது. அருமையாக நல்லெண்ணெய் தேய்த்து ஊறுகிறார்கள். பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரும் சீயக்காயும் போட்டு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அரக்கி எடுத்துவிடுகிறார்கள். தோல் வறண்டவர்கள் செய்ய வேண்டியது இதைத் திருப்பிப் போடுவதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன் சில துளி எண்ணெயைத் தடவிக்கொள்ள வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது என்பது அதுதான்.

தேன் ஈரத்தை இழுக்கும், உண்மை. ஆனால் கால் மணி நேரத்தில் கழுவிவிட்டால் என்ன மிஞ்சும்? தேனைப் பூசிக்கொண்டு கல்லூரிக்குப் போக முடியாது, எறும்பு பின்னாலேயே வரும். வெள்ளரியும் அப்படித்தான். குளிர்ச்சி தருகிறது, அதுவும் ஒரு சுகம்தான், அவ்வளவோடு சரி. ஓட்ஸ் மட்டும் விதிவிலக்கு. நைசாக அரைத்த ஓட்ஸ் அரிப்பைத் தணிப்பதை அமெரிக்க மருந்துத் துறையே 2003-ல் ஏற்றுக்கொண்டது.

இதுவரை சொன்னது பெரியவர்களுக்கு. தவறினால் ஒரு வாரம் எரியும், கொஞ்சம் காசு போகும். குழந்தைகள் விஷயம் அப்படியல்ல.

நல்ல செய்தி முதலில். டாக்காவின் சிசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் உடம்பில் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். அந்தப் பிஞ்சுத் தோலில் சுவரே சரியாக எழும்பியிருக்காது, அதன் வழியே கிருமி உள்ளே போகும். 2005-ல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, எண்ணெய் தடவப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று பிடிக்கும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. 2008-ல் வந்த அடுத்த கட்டுரையில் இறப்பே 26 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். சமையல் எண்ணெய் உயிர் காத்த கதை இது. கவனிக்க: மருத்துவர்கள் தேர்ந்தெடுத்த எண்ணெய், மருத்துவமனைக்குள். வேறு எண்ணெய் என்றால் பலன் தலைகீழாகலாம். உயர்ந்த பொருள் என்று விலை கொடுத்து வாங்கும் ஆலிவ் எண்ணெயை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெரியவர்களின் முன்கையில் சில வாரம் தடவி, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். தோலின் தடுப்புச் சுவர் பலவீனமாகியிருந்தது. அதிலுள்ள ஒலியிக் அமிலமே காரணம் என்கிறார்கள்.

கெட்ட செய்தி ஜப்பானிலிருந்து. தேயிலைச் சாறு கலந்தது என்று விற்ற ஒரு முகச் சோப்பில் கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்திருந்தார்கள். தினமும் அதில் முகம் கழுவியவர்களில் 2000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ரொட்டி தின்று மயங்கி விழுந்தார்கள். 2011-ல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். வாய் வழியாகப் போனால் உணவு என்று ஏற்கும் உடம்பு, தோல் வழியாக வந்தால் எதிரி என்று குறித்துக்கொள்ளக்கூடும். நிலக்கடலை எண்ணெய் கலந்த க்ரீம் பூசப்பட்ட குழந்தைகளிடம் பிற்பாடு நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததாக 2003-ல் பிரிட்டன் ஆய்வு ஒன்றும் சொன்னது. ஆகவே கரப்பான் வந்து தோல் வெடித்திருக்கும் குழந்தைக்கு மாவு, பாலாடை, முட்டை, கடலை எண்ணெய் எதையும் பூசக் கூடாது. பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சில நடைமுறை விஷயங்கள். விளக்குக்கு என்று விற்கும் தீப எண்ணெய் விலை குறைவு என்று உடம்புக்கு எடுக்காதீர்கள், அது உண்ணத்தக்கதே அல்ல. கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் நுங்கை மட்டும் எடுக்க வேண்டும், அந்தப் பால் எரிச்சல் தரும். தண்ணீர், பழம், தயிர் கலந்த எந்தக் கலவையையும் டப்பாவில் போட்டு வாரக்கணக்கில் வைக்கக் கூடாது. கடை க்ரீமில் பதப்படுத்தும் பொருள் இருப்பதைத் திட்டுகிறவர்கள், நாலாம் நாள் அந்தக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தால் திட்டுவதை நிறுத்திவிடுவார்கள். புதிதாக எதைப் பூசுவதானாலும் முன்கையில் ஒரு சிறு இடத்தில் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்ப்பது நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்களின் குதிகால் வெடிப்புக்கு மட்டும் எந்த வீட்டு வைத்தியமும் வேண்டாம். மஞ்சளும் வேண்டாம், உப்புத் தண்ணீரும் வேண்டாம். கால் மரத்திருப்பதால் ஆழமான புண் ஆகும் வரை வலியே தெரியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு எடுத்தால் பார்த்துவிடுவார்கள். வெறும் வறட்சி என்றால் அங்கேயும் பெரும்பாலும் கிடைப்பது படமில்லாத, வாசனையில்லாத வெள்ளைப் பாரஃபின்தான்.