வாடகை ராக்கெட்டில் ஏறிய ஐரோப்பா!

2023-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. அமெரிக்காவில் புளோரிடா கடற்கரையில் இருந்து ஒரு ராக்கெட் சீறிக் கிளம்பியது.

அதன் உச்சியில் இருந்தது 'யூக்ளிட்' என்ற தொலைநோக்கி. வானவெளியின் மர்மங்களை ஆராய ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுச் செய்தது.

தொலைநோக்கி ஐரோப்பாவுக்குச் சொந்தம். ராக்கெட்டோ அமெரிக்கக் கோடீஸ்வரர் எலான் மஸ்க்கின் 'ஸ்பேஸ் எக்ஸ்' கம்பெனிக்குச் சொந்தம்!

யூக்ளிட் முதலில் ரஷ்ய ராக்கெட்டில் போவதாக இருந்தது. 2022-ல் உக்ரைன் யுத்தம் மூண்டது. ரஷ்ய ராக்கெட் கிடைக்காமல் போயிற்று. ஐரோப்பாவின் 'ஏரியன்-5' ராக்கெட்டுகளில் மிச்சம் இருந்தவை எல்லாம் ஏற்கெனவே பேசி முடிந்தவை.

நான்கு நாள் கழித்து, ஜூலை 5-ந் தேதி, ஏரியன்-5 கடைசித் தடவையாகப் பறந்தது. அதற்குப் பிறகு ஓர் ஆண்டு காலம் ஐரோப்பாவிடம் பெரிய ராக்கெட்டே இல்லை!

2024 ஏப்ரலில் அதைவிடப் பெரிய தலைகுனிவு. 'கலிலியோ' என்பது வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கூட்டம். அமெரிக்காவை நம்பி இருக்கக்கூடாது என்றுதான் ஐரோப்பா அதைத் தொடங்கியது. அதில் இரண்டு கோள்கள் அமெரிக்க ராக்கெட்டில் போயின. உள்ளே ரகசியக் கருவிகள் இருந்ததால், அவற்றின் பாதுகாப்புக்கு அமெரிக்காவுடன் தனி ஒப்பந்தம் வேறு போட வேண்டி இருந்தது.

ராஜாவாக இருந்தவர்கள்

இவர்கள் ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் ராஜாவாக இருந்தவர்கள்.

முதல் ஏரியன் 1979-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி பறந்தது. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா என்ற பிரதேசம் இருக்கிறது. அங்கே கூரு என்ற ஊர்தான் ஏவுதளம். பூமத்தியரேகைக்குப் பக்கத்து ஊர். அங்கே பூமி சுழலும் வேகம் அதிகம். ராக்கெட்டுக்கு அது இலவசமாக ஒரு தள்ளு!

நமக்கும் கூருவுக்கும் பழைய உறவு உண்டு. 1981-ல் நம் 'ஆப்பிள்' செயற்கைக்கோள் அங்கிருந்துதான் போயிற்று. சோதனைக்காக மாட்டு வண்டியில் ஏற்றி வைத்துப் படம் எடுத்தார்களே, அதே ஆப்பிள்தான். 2018-ல் 5,800 கிலோவுக்கு மேல் எடையுள்ள 'ஜிசாட்-11' செயற்கைக்கோளையும் ஏரியன்-5 தான் சுமந்தது.

ஏரியன்-5 ஓய்வு பெற்றது. 2024 நவம்பரில் 4,700 கிலோ எடையுள்ள 'ஜிசாட்-20' புறப்படத் தயாரானது. நம் ராக்கெட்டுக்கு அது அதிகச் சுமை. நாமும் மஸ்க் வீட்டுக் கதவைத்தான் தட்டினோம்!

கடலில் தள்ளிய லாரி

மஸ்க் என்ன மாயம் செய்தார்?

ஒருவர் லாரியில் சரக்கு ஏற்றிப் போகிறார். சரக்கை இறக்கியதும் லாரியைக் கடலில் தள்ளிவிடுகிறார். மறுநாள் புது லாரி வாங்குகிறார். வாடகை எவ்வளவு ஆகும்? உலகம் முழுவதும் ராக்கெட் விட்டது ஏறக்குறைய இந்த முறையில்தான்.

2015 டிசம்பரில் ஸ்பேஸ் எக்ஸ் தன் ராக்கெட்டின் பெரிய கீழ்ப்பகுதியைப் பத்திரமாகத் தரையில் இறக்கியது. 2017 மார்ச்சில், ஒரு தடவை பறந்த கீழ்ப்பகுதியே மறுபடி பறந்தது. அதில் துணிந்து செயற்கைக்கோளை ஏற்றியவர் யார்? லக்சம்பர்க் நாட்டு 'எஸ்.இ.எஸ்.' கம்பெனி. ஏரியனின் பழைய வாடிக்கைக்காரர்!

"போய்விட்டு அடுத்த ஆண்டு வாருங்கள்"

ஐரோப்பியர்கள் தூங்கிக்கொண்டு இருந்தார்களா? இல்லை. 2014 டிசம்பரிலேயே, செலவு குறைந்த 'ஏரியன்-6' செய்ய முடிவு செய்தார்கள். ஆனால் அதுவும் ஒரு தடவை பறந்து தொலையும் ராக்கெட்தான்.

ஏன் அப்படி? ஏரியன் கம்பெனியின் தலைவராக இருந்த அலேன் சார்மோ 2018-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகைக்கு மனம் திறந்து பதில் சொன்னார்.

ஐரோப்பாவில் ஆண்டுக்கு நிச்சயமாகக் கிடைப்பது பத்து பயணம் என்று வைத்துக்கொள்வோம். பத்து தடவை பறக்கும் ராக்கெட் செய்தால், ஆண்டுக்கு ஒரே ஒரு ராக்கெட் போதும். அதைச் செய்து முடித்ததும் தொழிலாளிகளைப் பார்த்து, போய்விட்டு அடுத்த ஆண்டு வாருங்கள் என்று சொல்ல முடியுமா? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரியன்-6 செய்வதில் 13 நாடுகள் பங்கு. எந்த நாடு எவ்வளவு பணம் போடுகிறதோ, அந்த அளவுக்கு வேலை அந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. தொழிற்சாலை மூடினால் கேள்வி கேட்க மக்கள் இருக்கிறார்கள். கைத்திறன் உள்ள தொழிலாளியை ஒரு தடவை அனுப்பிவிட்டால் மறுபடி அவர் கிடைப்பதும் கஷ்டம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. பயணம் பத்துதான் என்று அவர்கள் நினைத்தார்கள். மஸ்க்கோ தானே சரக்கையும் உண்டாக்கினார்! இன்டர்நெட் கொடுக்கும் 'ஸ்டார்லிங்க்' செயற்கைக்கோள்களை ஆயிரக்கணக்கில் செய்து, தம் ராக்கெட்டிலேயே அனுப்பினார். 2024-ல் அந்தக் கம்பெனி விட்ட ராக்கெட்டுகள் 134. பாதிக்கு மேல் ஸ்டார்லிங்க் சுமந்தவை.

அதே ஆண்டில் ஐரோப்பா விட்டது 3.

34 கோடி யூரோ

2020-ல் வர வேண்டிய ஏரியன்-6, 2024 ஜூலை 9-ந் தேதிதான் முதல் தடவை பறந்தது. அதற்குச் சில நாள் முன்பு, ஐரோப்பாவின் வானிலை ஸ்தாபனமே தன் செயற்கைக்கோளை ஸ்பேஸ் எக்ஸ் பக்கம் மாற்றிக்கொண்டது. வீட்டுப் பிள்ளையே பக்கத்துக் கடைக்குப் போன கதை!

சர்க்கார்கள் என்ன செய்தன? 2023 நவம்பரில் ஸ்பெயின் நாட்டு செவில் நகரில் கூடின. ஏரியன்-6 ராக்கெட்டுக்கு ஆண்டுக்கு 34 கோடி யூரோ வரை உதவிப் பணம் தர ஒப்புக்கொண்டன. நம் பணத்தில் 3 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

வியாபாரமாகப் பார்த்தால் நஷ்டக் கணக்குத்தான். ஆனால் ராக்கெட் இல்லாத அந்த ஓர் ஆண்டை அவர்கள் மறக்கவில்லை. இன்று வாடகைக்கு விடுகிறவர் நாளை இல்லை என்று சொல்லிவிட்டால், ரகசிய ராணுவச் செயற்கைக்கோளை எதில் ஏற்றுவது? என் அபிப்பிராயத்தில், அந்தப் பணம் கொடுத்தது சரிதான். பத்து ஆண்டுக்கு முன்பே அதில் ஒரு பங்கை, திரும்பி வரும் ராக்கெட்டில் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்தார்கள். தங்கள் மண்ணிலேயே சின்னத் தனியார் கம்பெனிகளைப் போட்டியில் இறக்கினார்கள். அவற்றில் ஒன்று ஜெர்மனியின் 'ஈசார்'. அதன் முதல் ராக்கெட் 2025 மார்ச்சில் நார்வேயில் கிளம்பி, அரை நிமிஷத்தில் கடலில் விழுந்தது. மஸ்க்கின் முதல் மூன்று ராக்கெட்டுகளும் தோற்றவைதான்.

2025-ல் ஏரியன்-6 நான்கு தடவை பறந்தது. டிசம்பர் 17-ந் தேதி கூருவில் இருந்து இரண்டு கலிலியோ கோள்களைச் சொந்த ராக்கெட்டிலேயே அனுப்பினார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்வீடன் நாட்டின் வடகோடியில் 'தெமிஸ்' என்ற சோதனை ராக்கெட்டை ஏவுதளத்தில் நிறுத்தி வைத்தார்கள். மேலே போய்த் திரும்பி இறங்கப் பழகுவதற்காகச் செய்த ராக்கெட் அது. அமெரிக்கக் கம்பெனி அந்த வித்தையைச் செய்து காட்டி, அப்போது ஏறக்குறைய பத்து ஆண்டு ஆகியிருந்தது.