மண்டையோடு இருக்கக் கபாலம் எதற்கு?

தூத்துக்குடிக் கடற்றுறையில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றது. ஆயின் அக் கடற்கரையின் சொல் நிற்கவில்லை. சிப்பிக்கு ஓடு, நண்டுக்கு ஓடு, ஆமைக்கு ஓடு என்றே பரதவர் இன்றும் வழங்குகின்றனர். மெல்லுடலைச் சூழ்ந்து காக்கும் வன்கூடு ஓடு. மூளையைச் சூழ்ந்து காக்கும் எலும்புக்கூடும் அத்தகையதே, ஆகவே மண்டையோடு!

மண்டை என்பதோ கழக இலக்கியத்தில் பாணர் ஏந்திய உண்கலத்தின் பெயர். கலத்தின் குடைவு கண்டே தலைக்கும் அப்பெயர் இட்டனர் எனல் பொருந்தும். இலத்தீனில் மட்கலத்தைக் குறித்த 'தெசுத்தா'வே பிரெஞ்சில் தலையைக் குறிக்கும் 'தேத்து' ஆயிற்று. வடமொழிக் கபாலத்திற்கும் ஓட்டாஞ்சில்லு, மண்டையோடு என இருபொருளும் உண்டு. அம்மொழிக்கு அது நல்ல சொல், அங்கேயே இருக்கட்டும்.

முகவெலும்பு நீங்கிய பகுதியை வரையறுத்துக் கூறக் கபாலமே வேண்டும் என்பர் சில 'அறிஞர்'. தலையெலும்புகள் 22, அவற்றுள் மூளையைப் பொதிந்தவை 8, முகத்தில் அமைந்தவை 14. எட்டும் சேர்ந்தது மண்டையோடு என்க. இருபத்திரண்டும் சேர்ந்தது தலையோடு என்க. இரண்டும் முன்பே வழங்கும் சொற்கள். எவரும் புதிதாகப் புனைய வேண்டுவதில்லை. வரையறையில் எங்கே குறை?

கொற்கைக்கு அண்மையிலுள்ள ஆதிச்சநல்லூரில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்த அலெக்சாந்தர் இரீ, நம் முன்னோரின் மண்டையோடுகளைத் தாழிகளுள் கண்டார். மட்கலத்துள் மண்டையோடு! அவற்றைப் பற்றித் தமிழில் எழுதும்போதும் கபாலம் என்றே எழுதும் கைக்கு என்ன நேர்ந்தது?