சேட்டிலைட்டுக்குத் தெரியுது, ராதாபுரத்துக்குத் தெரியக் கூடாதா?

கூடங்குளம் பத்திக் கேள்வி கேட்டா, தேசப் பாதுகாப்புன்னு வாயை அடைக்கிறது ஒன்றிய அரசு. யாருகிட்ட இருந்து ரகசியம்?

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 5 நாளைக்கு ஒருமுறை அந்தக் கடற்கரையைப் படம் எடுக்குது. படம் இலவசம். ராஜபாளையத்துல ஒரு லேப்டாப் இருந்தா போதும். 2017 படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. புது உலைகளுக்குத் தோண்டின மண்ணும் எழும்பின கட்டடமும் தெரியும். சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பும் அங்க இருக்கு.

1998-ல பொக்ரான்ல அமெரிக்க செயற்கைக்கோள் கண்ணுல மண்ணைத் தூவினோம். அது ராணுவ சாதனை. கூடங்குளம் மின் நிலையம். இங்க யார் கண்ணுல மண்ணைத் தூவுறீங்க?

எந்தப் படத்துலயும் தெரியாதது ஒண்ணுதான்: பயன்படுத்தி முடிச்ச அணு எரிபொருள் எத்தனை வருஷம் இங்க கிடக்கும், கடைசியா எங்க போகும்?

அதுக்கு உலைக்கு வெளியே சேமிப்பு மையத்தை 5 ஆண்டுக்குள் கட்டச் சொன்னது 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. முடிக்காம 2022 வரை அவகாசம் வாங்கினாங்க. 2019 ஜூலை 10-ல் ராதாபுரத்தில் அறிவிச்ச கருத்துக்கேட்புக் கூட்டத்தையும் தள்ளி வச்சாங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கூடங்குளம் நேர்கோட்டுல சுமார் 150 கி.மீ.தான். இது நம்ம பிரச்சினையும்தான்.

ஒன்றிய அரசே!
✊ கழிவு மைய ஆய்வறிக்கையை முழுசா தமிழ்ல வெளியிடு!
✊ மக்கள் முன்னாடி உட்கார்ந்து பதில் சொல்லு!
✊ கழிவு கடைசியா போற இடத்தை எழுத்துல கொடு!

வானத்துக்கு மறைக்க முடியாததை மக்களுக்கு மறைக்காதே!

பகிருங்கள் தோழர்களே.

#கூடங்குளம் #பதில்சொல்
– தகவல் தொழில்நுட்ப அணி, ராஜபாளையம் & ஸ்ரீவில்லிபுத்தூர்