‘நமக்கு மட்டும் ஏம்மா மழை லீவு இல்ல?’ - நரிமேட்டில் ஒரு வீட்டுப் பள்ளிக்கூடம்

ராத்திரி முழுக்க மழை பெய்தால், விடிந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: ‘கலெக்டர் லீவு விட்டாச்சா?’ மதுரை நரிமேட்டில் இருக்கும் இந்த வீட்டுக்கு மட்டும் அந்த அறிவிப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் கிடையாது, வேன் கிடையாது, ஆகவே மழை லீவும் கிடையாது. எதிர்வீட்டுப் பையன்கள் தெருத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட, இவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். அம்மா ஒரு பத்து நிமிடம் தாக்குப்பிடிப்பார். அப்புறம் அவரே குடையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்கு 10 வயது, அடுத்தவனுக்கு 8, மூன்றாமவளுக்கு 6, கடைக்குட்டிப் பையனுக்கு 3. அப்பா டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். காலை 9 மணிக்குப் போனால் ராத்திரி 10 மணிக்குத்தான் வீடு. அம்மா கணிதப் பட்டதாரி. பி.எட் முடித்து, இரண்டாவது பிள்ளை பிறக்கும்வரை ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர். இப்போது கடையின் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில்தான். கூடவே அப்பத்தா. முழங்கால் வலி, டி.வி சீரியல், பேரப்பிள்ளைகள் என மூன்று பொறுப்புகள் அவருக்கு.

இதெல்லாம் ஆரம்பித்தது கொரோனாவில். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மூத்தவளுக்கு யு.கே.ஜி வயது. போன் திரையில் குட்டிக் குட்டிக் கட்டங்களாகத் தெரிந்த ஆன்லைன் வகுப்பில் தினமும் தூங்கிப்போனாள். அம்மா போனை அணைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்காட்ட ஆரம்பித்தார். தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரைக்குமான பள்ளிகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அதற்குள் அந்தப் பெண் பேப்பர் தலைப்புகளை எழுத்துக்கூட்டாமல் படித்துக்கொண்டிருந்தாள். “இன்னும் ஒரு வருஷம் பார்ப்போங்க” என்றார் கணவரிடம். அந்த ஒரு வருஷம் இன்னும் முடிந்தபாடில்லை.

கிரைண்டருக்கு மூடியான டைம்டேபிள்

தொடக்கத்தில் ஒரு டைம்டேபிள் இருந்தது. 9 மணிக்குத் தமிழ், 9.45-க்குக் கணக்கு, 10.30-க்கு இன்டர்வெல் என்று பக்காவாக எழுதி, லேமினேட் செய்து ஹாலில் மாட்டினார். டீச்சராக இருந்தவர் ஆயிற்றே! இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. தமிழ் நேரத்தில் காஸ் சிலிண்டர் வந்தது. கணக்கு நேரத்தில் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தது. இரண்டும் வராத அன்று கொழுந்தனார் குடும்பத்தோடு வந்தார். அந்த லேமினேஷன் அட்டை இப்போது கிரைண்டருக்கு மூடியாக இருக்கிறது.

இன்றைக்கு அந்த வீட்டில் ‘பள்ளி’ என்பது காலை 8 முதல் 10.30 வரை, சாப்பாட்டு மேஜையில். அவ்வளவுதான். ‘ரெண்டரை மணி நேரத்துல என்னத்தப் படிப்பாங்க?’ என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அட்டெண்டன்ஸ், பிரேயர், வரிசையில் நிற்பது, நாற்பது நோட்டு திருத்தி முடிக்கும்வரை காத்திருப்பது, இதையெல்லாம் கழித்துவிட்டு ஒரு பள்ளி நாளைக் கணக்குப் பார்த்தால் மூன்று பிள்ளைகளுக்கு அந்த நேரம் தாராளம்.

மூன்று வயதுக்கு மூன்று பாடம் தனித்தனியாக நடத்த அவரும் முயன்று பார்த்தார். ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தால் மற்ற இருவரும் அடித்துக்கொள்வார்கள். இப்போது பொருள் ஒன்றுதான், கேள்விகள்தான் வேறு. பல்லாங்குழிக் கட்டையை நடுவில் வைப்பார். ஆறு வயதுக்காரி ஒவ்வொரு குழிக்கும் ஐந்து புளியங்கொட்டை எண்ணிப் போட வேண்டும். எட்டு வயதுக்காரன் 14 குழிக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை என்று சொல்ல வேண்டும். மூத்தவள், அந்த 70-ஐ மிச்சமில்லாமல் எத்தனை விதமாகப் பங்கு பிரிக்கலாம் என்று எழுத வேண்டும். கரன்ட் பில் வரும் மாதம் அவளுக்குக் கொண்டாட்டம். இலவச யூனிட் போக மீதிக்கு ஸ்லாப் வாரியாகக் கணக்குப் போட்டு, “போன தடவையைவிட ஃப்ரிட்ஜ் ஜாஸ்தி சாப்பிட்டிருக்குப்பா” என்று அப்பாவிடம் ரிப்போர்ட் கொடுப்பாள்.

பாடப்புத்தகம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசின் புத்தகங்கள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒருநாள் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்குப் பாதி வகுப்பறை அதன் சிறுவர் பிரிவுதான். அங்கே போகிற நாளில் கடைக்குட்டிக்கு ஒரு டப்பா பொரி அவசியம். அது தீரும்வரைதான் மற்றவர்கள் படிக்க முடியும். வீட்டிலும் அப்படித்தான், அவன் தூங்கினால்தான் மூத்தவளுக்கு ஆங்கிலம். இந்தப் பள்ளிக்கு ஹெட்மாஸ்டர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் அவனைக் கை காட்டலாம்.

மழைக்கு லீவு இல்லையே தவிர, மாதத்தில் இரண்டு நாள் நிச்சயம் உண்டு. 11-ம் தேதியும் 20-ம் தேதியும். ஜி.எஸ்.டி தாக்கலுக்குக் கடைசி நாட்கள். அன்றைக்கு அம்மா லேப்டாப்பை விட்டு எழுந்திருக்க மாட்டார். பிள்ளைகள் அப்பத்தாவோடு சீரியல் பார்ப்பார்கள். இன்ஸ்டாகிராமில் ‘ஹோம்ஸ்கூலிங்’ என்று தேடினால் வெள்ளைச் சுவர், மர பொம்மை, சிரித்த முகம் என வரிசையாக வரும். அந்த வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று எந்த ரீலும் காட்டுவதில்லை.

‘போலீஸ் வராதா?’

இந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளி கிடைக்கச் செய்யும் கட்டாயம் அரசுக்கு. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. வீட்டிலேயே படிப்பதற்குத் தனியாக ஓர் அனுமதியும் அந்தச் சட்டத்தில் இல்லை. இந்தக் குடும்பம் நிற்பது அந்த இடைவெளியில்தான். கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிற இடம் இல்லை அது.

சான்றிதழுக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள் 8-ம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயது நிரம்பினால் என்.ஐ.ஓ.எஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 10-ம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பொதுத்தேர்வை அவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழே இல்லாமல் 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இடம்பிடித்த மும்பை மாணவியின் கதை வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றுகிறது. உண்மைக் கதைதான். ஆனால், சர்வதேச கணினி ஒலிம்பியாட் பதக்கங்கள் வாங்கியதால் திறந்த கதவு அது. வீட்டில் படித்தால் போதும், எம்.ஐ.டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்பத்தா காப்பாற்றிய ரகசியம்

மூத்தவளுக்குச் சரியாக வந்தது இரண்டாமவனுக்கு வரவில்லை. ஏழு வயது முடிந்தும் வாசிப்பு தடுமாறியது. ‘ன’வும் ‘ண’வும் இடம் மாறின. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்தே படிப்பான். ஒரே மேஜையில் நாலு பேரைப் படிக்கவைப்பதில் இருக்கும் சிக்கல் இங்கேதான் தெரிந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிடுவாள். சில நாள் தங்கச்சியும் முந்திவிடுவாள். பள்ளியில் என்றால் பின்வரிசையில் போய் ஒளிந்துகொள்ளலாம். சாப்பாட்டு மேஜையில் பின்வரிசை ஏது?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சருக்குப் பொறுமை போன நாட்களும் உண்டு. காலையில் கணக்குக்குத் திட்டு வாங்கியவன், மதியம் அதே கையால் ஊட்டிய சோற்றை வேண்டாமென்று தள்ளினான். கோபம் டீச்சர் மேல், பட்டினி அம்மாவுக்கு.

ஒருநாள் அவன் அப்பத்தாவிடம் போய் மெதுவாகக் கேட்டிருக்கிறான்: “அப்பத்தா, நான் ஸ்கூலுக்குப் போனா அம்மா அழுவாங்களா?” இரண்டு மாதம் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஒருநாள் ராத்திரி மகனிடம் சொன்னார். மகன் மனைவியிடம் சொன்னார். அன்றைக்குக் கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

அவருடைய தவிப்பு புரிந்துகொள்ள முடியாதது அல்ல. நாலு வருடமாக விசேஷ வீடுகளில், “ஏன் அனுப்பலை?” என்ற கேள்விக்கு நிமிர்ந்து நின்று பதில் சொன்னவர். இப்போது அனுப்பினால் ‘நாங்க அப்பவே சொன்னோம்ல’ என்று வரிசையாக வருவார்கள். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்து, வாசிக்கத் தெரியாமல் விழித்தால் மற்ற பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களா? அதனால் முதலில் நன்றாகப் படிக்கவைத்துவிட்டு அனுப்பலாம் என்று நினைத்தார். பாடம் இன்னும் இறுகியது, பையன் இன்னும் சுருங்கினான்.

இந்தக் குடும்பம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததை முதலில் எதிர்த்ததே அப்பத்தாதான். ‘நாலு பேருக்கு என்ன பதில் சொல்றது?’ என்று மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர். அவர்தான் இப்போது மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். “நீ அவனுக்கு ஆத்தாளா இரு தாயி. டீச்சருக ஊருல நெறய பேரு இருக்காக.”

“மத்தவங்க என்ன சொல்லுவாங்க அத்தை?”

“நான் சொல்லாததையா சொல்லிறப் போறாக?”

அந்த மே மாதம் பக்கத்தில் இருக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கு மூன்று பேரும் போனார்கள். இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் உண்டு என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. இதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாதாடத் தயாராகப் போனார் அம்மா. தலைமையாசிரியை ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். பையன் இரண்டு வரியில் மூன்று இடத்தில் நின்றான். “வரட்டும், படிச்சுக்கலாம்” என்றார் அவர். கைப்பையைத் திறக்கவே தேவைப்படவில்லை.

ஜூனில் மூன்றாம் வகுப்பு. முதல் மூன்று வாரமும் திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி. ரப்பர் தினமும் காணாமல் போனது. வாசிப்பு ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. இன்னமும் தடுமாறுகிறான். ஆனால், தடுமாறுகிற பிள்ளைகள் அந்த வகுப்பில் இன்னும் சிலர் இருப்பதைப் பார்த்துவிட்டான். 4.30-க்கு வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியை உட்காரவைத்து, கையில் ஸ்கேலோடு, அன்றைய பாடத்தை அவளுக்கு நடத்துகிறான். அவன் தப்பாக வாசிக்கும் இடங்களில் திருத்த வாயெடுக்கும் அக்காவை, அம்மா கண்ணாலேயே அடக்கிவிடுகிறார். ராத்திரி சோறு ஊட்டச் சொல்லி அவனே வந்து உட்காருகிறான்.

வீட்டில் இப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வருடா வருடம் மே மாதம் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும்: ‘இந்த வருஷம் வீடா, பள்ளியா?’ ஆறு வயதுக்காரி, டிபன் பாக்ஸ் வாங்கித் தந்தால் பள்ளிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். மூத்தவள் வீடுதான் என்கிறாள். 8-ம் வகுப்புத் தனித்தேர்வு எழுதுவதா, நேராக என்.ஐ.ஓ.எஸ் போவதா என்று இப்போதே நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். பன்னிரண்டரை வயதாக அவளுக்கு இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது.